வரியில் ஒரு வரி

தமிழிலே ‘வரி’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. புலியின் முதுகில் ஓடுவதும் வரி. ஏட்டில் எழுதுவதும் வரி. கானல்வரி என்னும்போது அஃது இசைப்பாட்டு. அரசு குடிகளிடம் வாங்கினால் அதுவும் வரியே. கல்லூரியிலே தமிழ் கற்பிக்கும் நாம் இப்பொருள் வேறுபாடுகளை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டி வருகின்றோம். ஆனால் அக்கடைசிப் பொருளில் எமக்கு நேரடி அநுபவம் இருந்ததில்லை. பட்டதாரி ஆசிரியரின் சம்பளம் வருமான வரியின் வாசற்படியை எட்டுவதில்லை. சம்பளம் குறைந்தாலும் அதில் ஒரு நிம்மதி உண்டு என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சிரிப்பு 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஓய்ந்தது. எம் மனைவியார் கோட்டைப் பகுதியில் ஒரு தனியார் கம்பனியிலே நிர்வாக உத்தியோகம் பார்ப்பவர். அவருடைய மாதச் சம்பளம் ஒன்றரை இலட்சம் ரூபா. மாதந்தோறும் அதிலிருந்து 3,500 ரூபா கழிந்துகொண்டிருந்தது. முற்பணத் தனிநபர் வருமான வரி என்று அதற்குப் பெயர். கழிந்தது கழிந்தபடி போகட்டும் என்று நாமும் அவரும் அதைப்பற்றி எண்ணாதிருந்தோம். வெள்ளவத்தையில் எமது தொடர்மாடி வீட்டில் ஒரு ஞாயிறு காலை, தேநீரைக் கையில் தந்துவிட்டு அவர் சொன்னார்:

“இஞ்சாருங்கோ, இந்த மாதம் முப்பதாந் திகதிக்குள்ளை வருமான வரி விபரத்திரட்டு அனுப்ப வேணுமாம். கைப்பேசிக்குச் செய்தி வந்திருக்கு. நீங்கள்தானே வீட்டிலை பட்டதாரி. ஒருக்கா நிரப்பித் தாருங்கோ.”

பட்டம் பெற்றது தமிழில் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். மகளும் பக்கத்தில் இருந்தமையால் ஆணவம் விடவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கம்பனி கொடுத்திருந்த தாள்களை மேசையிற் பரப்பினோம். அவை இரண்டு. ஒன்று டி-10 என்னும் சான்றிதழ். ஆண்டுச் சம்பளமும் அதிலிருந்து கழித்த வரியும் மட்டும் அதில் இருந்தன. மற்றது, உத்தியோகத்தர் ஒவ்வொருவருக்கும் ஆண்டு முடிவிற் கம்பனி அனுப்பும் பயன் விபரம். உமக்காக நாம் செலவிட்டது இவ்வளவு என்று பெருமை தொனிக்கும் கடிதம் அது. 2023 ஏப்பிரல் முதல் 2024 மார்ச் வரையான அந்த ஆண்டுக்குச் சம்பளம் 1,800,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதியத்துக்குக் கம்பனி கட்டியது 216,000. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கட்டியது 54,000. வைத்தியச் செலவு மீளளிப்பு 240,000. ஆகக் கூடிய தொகை 2,310,000.

அந்த வைத்தியச் செலவு 2023 ஓகஸ்டில் நேர்ந்தது. மனைவியாருக்குப் பித்தப்பையிற் கல். தனியார் வைத்தியசாலையிலே சத்திரசிகிச்சை நடந்தது. பணத்தை நாம் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டுகளைக் கொடுத்தோம். கம்பனி முழுவதையும் திருப்பித் தந்தது. அன்று அக்கம்பனியை வாழ்த்தினோம்.

வந்தது எல்லாம் வருமானம் என்பது எமது நேர்மையான எண்ணம். ஆகவே கூட்டுத்தொகையைத் தூக்கி அப்படியே படிவத்தில் வைத்தோம். அந்த ஆண்டில் முதல் 1,200,000 ரூபாவுக்கு வரியில்லை. அதற்கு மேல் ஒவ்வோர் ஐந்து இலட்சத்துக்கும் வீதம் ஆறு ஆறாக ஏறும்: 6, 12, 18 என்று 36 வரை. கணக்குப் போட்டால் வரி 109,800. கம்பனி ஏற்கெனவே கழித்தது 42,000. மிச்சம் 67,800 ரூபா கட்டவேண்டும்! மகளை அழைத்துச் சரிபார்க்கச் சொன்னோம். அவள் இரண்டு முறை பெருக்கிப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தாள்.

மனைவியார் கதிரையில் அமர்ந்துவிட்டார். “கைக்கு வராத காசுக்கும் வரியோ?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சேமலாப நிதியத்திலே தம் கணக்கில் கிடப்பதை எடுத்துக்கொள்ளப் பெண்களுக்கு 50 வயதும் ஆண்களுக்கு 55 வயதும் ஆகவேண்டும் என்பது பொது விதி. காணாத பணத்துக்கு இன்றே வரி என்றால் எப்படி?

பிசிராந்தையார் யானையை உவமை காட்டிப் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி கொள்ளும் முறையை எடுத்துரைத்த புறநானூற்றுப் பாடலை நாம் எத்தனையோ வகுப்புகளில் நடத்தியிருக்கின்றோம். அன்றிரவு யானை எம் வயலுக்குள் வந்துவிட்டது போலவே இருந்தது. வேலியைத் திறந்துவிட்டவர் நாமே என்பது பின்னர்தான் தெரிந்தது.

மனைவியாரின் தம்பி அமெரிக்காவில் நியூ ஜேர்சியில் இருக்கின்றார். ஞாயிறு இரவில் அவர் தொலைபேசியில் அழைப்பது வழக்கம். அக்காவின் குரலில் இருந்த சோர்வைக் கண்டு காரணம் கேட்டார். சொன்னோம். அவர் சிரித்தார்.

“அத்தான், இதே சிக்கலிலை நானும் மாட்டினனான். இஞ்சை எங்களுக்குச் சுகாதாரச் சேமிப்புக் கணக்கு எண்டு ஒண்டு இருக்கு” என்று தொடங்கி அவர் விளக்கியதை வாசகர்களுக்கும் சொல்லவேண்டும்; வெளிநாட்டிற் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் எம்மிடையே பலவல்லவா?

அக்கணக்கு 2003ஆம் ஆண்டில் நிறைவேறிய ஒரு சட்டத்தினால் வந்தது. வைத்தியச் செலவின் முற்பகுதியைத் தாமே பெருமளவில் ஏற்கவேண்டிய வகைக் காப்புறுதி வைத்திருப்போர் மட்டும் அதைத் திறக்கலாம். ஊழியரும் அதில் இடலாம், தொழில்தருநரும் இடலாம். வரம்பு உண்டு: 2023இல் ஒரு குடும்பத்துக்கு 7,750 டொலர். அந்த ஆண்டிற் செலவாகாதது அடுத்த ஆண்டுக்குப் போகும். தொழில்தருநர் இட்ட தொகைக்கு வரியில்லை. ஆனால் வரியில்லை என்பதற்காகச் சொல்லாமல் விடமுடியாது. ஆண்டுச் சம்பளச் சான்றிதழின் பன்னிரண்டாம் பெட்டியில் ‘டபிள்யூ’ என்னும் குறியோடு அத்தொகை அச்சாகி வரும். அதை 8889 என்னும் இலக்கமுடைய படிவத்தில் எழுதி வரி அறிக்கையோடு இணைக்கவேண்டும்.

மைத்துனர் மாட்டிக்கொண்டது இங்கேதான். அப்பெட்டியில் இருப்பது தொழில்தருநர் தம் பையிலிருந்து தந்தது மட்டும் என்று அவர் எண்ணினார். உண்மையில், தம் சம்பளத்திலிருந்து வரிக்கு முன்னதாகக் கழிந்து அக்கணக்குக்குப் போனதும் அதே பெட்டியிலே சேர்ந்துதான் இருக்கும். அவர் தம் பங்கைத் தனியாக இன்னொரு வரியில் எழுதி, அதற்கும் கழிவு கேட்டுவிட்டார். ஒரே காசுக்கு இரண்டு சலுகை. வரம்பையும் மீறியதாகக் கணக்குக் காட்டியது. மிகையாக இட்ட தொகைக்கு ஆண்டுக்கு 6 வீதத் தண்டவரி உண்டு என்று அறிந்ததும் அவருக்கு உறக்கம் போயிற்றாம். திருத்திய அறிக்கை அனுப்பித் தப்பினார்.

“முதலாளி கட்டினதை அங்கையும் வருமானத்திலை சேர்க்கமாட்டினம் எண்டுதான் நினைக்கிறன். ஆரும் தெரிஞ்ச ஆளிட்டைக் கேளுங்கோ” என்று முடித்தார். இரட்டிப்பாகக் கழித்த மைத்துனரும் இரட்டிப்பாகக் கட்டவிருந்த அத்தானும் நல்ல சோடி.

தெரிந்த ஆள் கொட்டாஞ்சேனையில் இருந்தார். எம்மிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் படித்து, எமது புத்திமதியைக் கேளாமல் கணக்கியற் பக்கம் போய், இன்று பட்டயக் கணக்காளராக விளங்கும் மாணவர். அடுத்த சனிக்கிழமை இருவரும் காலி வீதியிற் பேருந்து ஏறிப் புறக்கோட்டையில் மாறி, பொன்னம்பலவாணேஸ்வரரைத் தரிசித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனோம். தாள்களைப் பார்த்த அவர் எழுந்து நின்றபடியே சிரித்துவிட்டார்; பின்னர் ஆசிரியர் என்பது நினைவுக்கு வந்ததுபோல அடக்கிக்கொண்டார்.

“சேர், இந்த இரண்டு தொகையும் வராது” என்று 216,000இன் மேலும் 54,000இன் மேலும் பென்சிலாற் கோடு இழுத்தார்.

காரணத்தையும் சொன்னார். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, தொழில் வருமானத்தில் எவை சேரும், எவை சேரா என்று வகுக்கின்றது. ஆணையாளர் நாயகம் அங்கீகரித்த சேமலாப நிதியமொன்றுக்கு ஊழியரின் பெயரிலே தொழில்தருநர் கட்டும் பணம் சேராது. ஆகவே தொழில்தருநரின் 12 வீதமும், நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதமும் படிவத்துக்கு வெளியே நிற்கும். “அப்படியாயின் இவருடைய சம்பளத்திலிருந்து பிடிக்கும் 8 வீதம்? ஆண்டுக்கு 144,000 ஆகின்றதே, அதையும் கழிக்கலாமன்றோ?” என்று ஆவலாற் கேட்டோம். “அது கழியாது, சேர். அது அக்கா உழைச்ச காசு. உழைச்சபிறகு சேமிக்கிறா. மற்றது அவ கையிலை வாங்காத காசு” என்றார். இலக்கணம் போலத் தெளிவாக இருந்தது. மாணவரைத் தவறான துறைக்கு விட்டுவிட்டோம் என்ற எமது நீண்டநாட் கவலை அன்றோடு தீர்ந்தது.

அரசாங்க ஆசிரியரான எமக்கு ஓய்வூதியம் உண்டே ஒழிய இந்நிதியங்கள் இல்லை. அதனால் அவற்றின் வரலாற்றைக்கூட நாம் அறிந்திருக்கவில்லை. ஊழியர் சேமலாப நிதியச் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதைக் கொண்டுவந்த தொழில் அமைச்சர் ரி. பி. இலங்கரத்ன. அவரும் ஒரு காலத்தில் அரசாங்க எழுதுவினைஞர். 1947ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் முன்னின்று வேலையை இழந்தவர். ‘அம்ப யாலுவோ’ என்னும் சிங்களச் சிறுவர் நவீனத்தை எழுதியவரும் அவரே. சமூகப்படியில் மேலும் கீழுமாக நிற்கும் வீடுகளைச் சேர்ந்த இரு சிறுவர்களின் நட்பைப் பற்றிய கதை அது. ஒரு நாவலாசிரியர் எழுதிய எட்டும் பன்னிரண்டும் அல்ல இன்றுள்ளவை. வீதங்கள் காலத்தோடு உயர்ந்தவை. எனினும் தொழிலாளியின் முதுமைக்கு முதலாளியும் கட்டவேண்டும் என்னும் நியதி அவர் காலத்தது. நம்பிக்கை நிதியம் 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தினால் வந்தது. அதற்கு ஊழியரிடம் ஒரு சதமும் பிடிப்பதில்லை. முழுவதும் தொழில்தருநரின் கட்டணம்.

இவ்வளவில் எழுந்து வந்திருந்தால் இக்கட்டுரைக்கு இடமிருந்திராது. மாணவரின் பென்சில் நாலாவது தொகையில் வந்து நின்றது.

“அக்கா, இந்த வைத்தியக் காசு உங்கடை கம்பனியிலை எல்லாருக்கும் குடுக்கினமோ?”

மனைவியார் சற்று யோசித்தார். “உத்தியோகத்தர் எல்லாருக்கும் உண்டு. மூண்டு இலட்சம் வரைக்கும்.”

“உத்தியோகத்தர் அல்லாத ஆக்கள்?”

“சாரதி ஒருத்தர், களஞ்சியத்திலை ஒருத்தர், பியோன்மார் இரண்டு பேர். அவையளுக்கு இல்லை.”

மாணவர் பென்சிலைக் கீழே வைத்தார். அதே ஐந்தாம் பிரிவு, ஊழியரின் வைத்தியச் செலவைத் தொழில்தருநர் ஏற்றாலும் அதை வருமானத்திற் சேர்க்கவேண்டாம் என்கின்றது. ஆனால் ஒரு நிபந்தனையின்மேல். முழுநேர ஊழியர் அனைவருக்கும் அப்பயன் சமமான நிபந்தனைகளிற் கிடைக்கவேண்டும். மேலே இருப்போருக்கு மட்டும் என்றால் அது சம்பளத்தின் இன்னொரு வடிவம், வரி உண்டு.

இறைவரிச் சட்டத்துக்குள்ளே இப்படி ஒரு வரி இருக்கும் என்று நாம் நினைத்திருக்கவில்லை. கந்தோரில் தேநீர் கொண்டுவருபவருக்கும் கிடைக்கின்றதா என்று அது கேட்கின்றது. ஆயினும் அதன் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. அக்கம்பனியைக் கூட்டித் துடைக்கும் பெண்கள் நால்வர் ஒப்பந்தகாரர் ஒருவர் அனுப்பும் ஆட்கள். அவர்கள் கம்பனியின் ஊழியர் அல்லர். ஆகவே ‘அனைவர்’ என்னும் சொல்லுக்குள் வரமாட்டார்கள். சாரதியையும் பியோன்மாரையும் அப்படியே ஒப்பந்தகாரரிடம் தள்ளிவிட்டால் நிபந்தனை நிறைவேறிவிடும் என்பதை நினைத்தபோது, சொற்களோடு பழகும் எமக்கே சற்று அச்சமாக இருந்தது.

கணக்கு இப்போது இப்படி நின்றது. வைத்தியப் பணத்தைச் சேர்த்தால் வரி 70,800. மேலும் கட்டவேண்டியது 28,800. சேர்க்காவிட்டால் வரி 42,000, அது கழித்தாயிற்று, கட்டவேண்டியது ஒன்றுமில்லை.

“டி-10இலை கம்பனி இதைக் காட்டேல்லை” என்றார் மாணவர், எம்மைப் பாராமலே. “சட்டம் இதுதான். முடிவு நீங்கள் எடுக்கிறது.”

நாம் எடுத்த முடிவை மறைப்பதற்கில்லை. சான்றிதழில் இல்லாததை நாம் ஏன் வலிந்து எழுதவேண்டும்? பிழை இருந்தால் அது கம்பனியின் பிழை. இருபத்தெண்ணாயிரம் என்பது மகளின் மூன்று மாத மாலைவகுப்புக் கட்டணம். மேலும் அது வருத்தத்துக்குச் செலவழித்த காசு, உல்லாசத்துக்கு அல்ல. வகுப்பிலே வாய்மையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் வாய், புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரும் வரை இந்த நியாயங்களையெல்லாம் ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தது. மனைவியார் யன்னலோரம் அமர்ந்து கேட்டுக்கொண்டு வந்தார். பம்பலப்பிட்டி தாண்டியதும் கேட்டார்:

“கையெழுத்து ஆருடையது?”

“உம்முடையதுதான்.”

“அப்ப நான் எழுதாமல் விட்டால், எல்லாருக்கும் சமனாய்க் கிடைக்குது எண்டு நான் கையெழுத்து வைக்கிறமாதிரி. எங்கடை பியோன் ஐயாவுக்குக் கண்ணிலை வெண்படலம். தேத்தண்ணியைக் கோப்பையிலை வார்க்கிறார் எண்டு நினைச்சுப் பீரிசிலை வார்க்கிறார். பெரியவர் ஏசுவார் எண்டு நான்தான் கொண்டுபோய்க் குடுக்கிறன். அந்தாளுக்கும் எனக்கும் சமன் எண்டு எப்பிடி எழுதுறது?”

அதன்பின் வீடு வரும்வரை நாம் வாய் திறக்கவில்லை.

அன்றிரவே 240,000 ரூபாவையும் சேர்த்து விபரத்திரட்டை நிரப்பினார்; நாம் இலக்கங்களை வாசித்துக் கொடுத்தோம். திணைக்களத்தின் மின்சேவை ஊடாக அது சென்றது. பணத்தை வங்கியிற் கட்டினார். திணைக்களத்தின் தலைமையகம் இருக்கும் வீதிக்குச் சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினரின் பெயர். 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் கம்பனியை நிறுவி நாட்டுக்குச் சினிமா காட்டியவர் அவர். அவ்வழியே போகும்போதெல்லாம் இந்த 28,800 எமக்கு ஒரு நுழைவுச்சீட்டுப்போலத் தோன்றுகின்றது. 2025 ஏப்பிரலில் வரியில்லா எல்லை 1,800,000 ஆக உயர்ந்தது. அதே சம்பளத்துக்கு அன்றுமுதல் வரியே இல்லை. ஈராண்டு பிந்திப் பித்தப்பை நோயைக் கொண்டுவந்திருக்கலாம் என்று மகள் தாயைக் கேலி செய்வாள்.

வரி கட்டியபின்னரும் மனைவியாருக்கு மனம் ஆறவில்லை. கம்பனியின் நிதிப்பொறுப்பாளரிடம் கேட்டார். டி-10இல் அத்தொகை ஏன் இல்லை என்பதற்கு, பார்க்கிறோம் என்றனர். பியோன்மாருக்கு ஏன் இல்லை என்பதற்கு, ஆதிமுதல் அப்படித்தான் என்றனர்.

இதற்கிடையில் நம்பிக்கை நிதியத்தைப் பற்றி நாம் படிக்கத் தொடங்கியிருந்தோம். மைத்துனரின் சுகாதாரச் சேமிப்புக் கணக்குக்கு நிகரானது இங்கு எது என்று தேடப்போய் அகப்பட்ட செய்தி இது. அந்நிதியம் ஊழியர் விலகும்போது பணம் தருவதோடு நின்றுவிடுவதில்லை. அங்கத்தவர் சேவையில் இருக்கும்போதே இருதய சத்திரசிகிச்சைக்கும், சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சைக்கும், கண்ணிற் பதிக்கும் வில்லைக்கும் ஒரு வரம்பு வரை உதவுகின்றது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலிற் சித்தியடையும் அங்கத்தவரின் பிள்ளைகளுக்கும் உதவி உண்டு. சேமலாப நிதியத்திலும், பத்து ஆண்டு அங்கத்துவமும் கணக்கிற் குறைந்தது மூன்று இலட்சம் ரூபாவும் உடையவர் வீட்டுத் தேவைக்கோ, இருதயம், புற்று, சிறுநீரகம் போன்ற பெருநோய்ச் சிகிச்சைக்கோ 30 வீதம் வரை முன்னரே பெற வழியுண்டு. இவை யாவும் தொழிலாளியின் பெயரில், அவர் கண்ணிற் படாமலே மாதந்தோறும் சேரும் பணத்தினால் நடப்பவை.

கண்ணில் பதிக்கும் வில்லை என்ற இடத்தில் மனைவியார் எம் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டார்.

பியோன் பெரியவரும் கொட்டாஞ்சேனைவாசிதான். ஜம்பட்டா வீதிக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் மகள் குடும்பத்தோடு இருக்கின்றார். அரசாங்க வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். வில்லைக்கு வேண்டிய பணத்தை எண்ணி அவர் இரண்டு முறை திகதியைத் தள்ளிப்போட்டிருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தம் பெயரில் 3 வீதம் போய்க்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும்.

“மிஸ், அது வேலைய விட்டு நின்னாத்தானே கெடைக்கும்?” என்று கேட்டாராம்.

விண்ணப்பத்திற் கம்பனி கையொப்பமிடுவதற்கு ஒரு வாரம் எடுத்தது. நிதியம் செலவைப் பின்னரே மீளளிக்கும், முதலில் வாங்கவேண்டும். அந்த இடைவெளிக்கான பணத்தை எம் வீட்டிலிருந்து கொடுத்தோம். சத்திரசிகிச்சை முடிந்து, பற்றுச்சீட்டுகளோடு நாமும் அவரும் ஒரு பாடசாலை விடுமுறை நாளில் நாரஹேன்பிட்டிக்குப் போனோம். ஒரு கண்ணிற் பச்சைத்துணி மறைப்போடு அவர் எம்முடன் வாங்கில் அமர்ந்து, “சேருக்கு எதுக்கு இந்த அலைச்சல்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு சான்றிதழ் குறைந்தமையால் மீண்டும் ஒருநாள் போகவேண்டியிருந்தது. பணம் வந்தது. வந்த அன்றே எமது கடனைக் கொண்டுவந்து தந்துவிட்டார். ஒரு சீப்பு கதலி வாழைப்பழமும் கூட.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கம்பனி ஒரு சுற்றறிக்கை விட்டது. வைத்தியச் செலவுத் திட்டம் இனி ஊழியர் அனைவருக்கும் உரியது என்று அதில் இருந்தது. பிரதி ஒன்றை ஒவ்வொருவர் மேசையிலும் வைக்கவேண்டியது பியோன் பெரியவரின் வேலை. எம் மனைவியாரின் மேசைக்கு வந்தவர் தாளை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். இலக்கங்கள் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“மிஸ், இதுல ஒங்களுக்கு மூணு லெட்சம்னு போட்டிருக்கு. நமக்கு அம்பதாயிரம்னு போட்டிருக்கு. சரியாத்தான் பாக்கிறேனா?”

“சரியாய்த்தான் பாக்கிறியள், ஐயா” என்று சொன்ன மனைவியார், அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து வரிக் கோவைக்குள் வைத்திருக்கின்றார்.